ஆச்சியின் பிடி அரிசி

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று, இடையன்குடியில் எங்கள் ஆச்சியின் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைத்தோம். கால்டுவெல் ஐயர் கட்டி, 1880-இல் பிரதிஷ்டையான ஆலயத்தில்தான் ஆச்சியின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஆராதனை எல்லாமே.

உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். கஞ்சி தண்ணியாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறையவில்லை என்று அம்மா சொல்வார்.

விடியற்காலை நாலு மணிக்கு முழங்காலில் நின்று ஜெபிப்பார். பேரப்பிள்ளைகள் நாங்கள் பதினொரு பேர். ஒரு பேர்கூட விட்டுப்போகாது. அப்புறம்தான் அடுப்பு. கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் அந்த ஊரில் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலில் கிடைத்த கூலியைச் சேர்த்துத்தான் ஆச்சி என் அம்மாவை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார்.

போன வாரம் என் சமையலறையிலும் ஒரு பானை வைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, திருநெல்வேலி