மின் பேருந்தில் கீரைக் கூடைக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் 1,125 மின் பேருந்துகள் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75. டீசல் புகை குறையும் என்று நகரத்தில் இருப்பவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். மதுரைக்கு வடக்கே கீரையும் கத்தரியும் போட்டு, உழவர் சந்தையில் விற்றுப் பிழைக்கும் எனக்கும் மதுரைக்கு வரும் அந்த 100 பேருந்துகள் மேல் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. கடைக்கு வாடகை கிடையாது, தரகர் கிடையாது. விவசாயி என்று உறுதி செய்து படம் ஒட்டிய அட்டை கொடுப்பார்கள். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். அது மொத்தச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். விளைவித்தவனுக்கும் நஷ்டமில்லை, வாங்குபவருக்கும் கட்டுப்படியாகும். தொடங்கிய காலத்தில் இதற்கென்றே விடியற்காலைப் பேருந்துகள் விட்டார்கள். காய்கறிக் கூடைக்குக் கட்டணம் வாங்கவில்லை. சந்தை நிலைத்ததற்கு அந்தப் பேருந்தும் ஒரு காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்று எங்கள் பக்கத்தில் முதல் பேருந்து வரும்போது சந்தையில் பாதி வியாபாரம் முடிந்திருக்கிறது. கீரை போடுபவர்களுக்குத்தான் இந்த வலி தெரியும். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் முந்தின நாள் வெயில் தாழ்ந்த பிறகு பறிப்போம். மண் போக அலசி, வாழைநாரில் கட்டி, ஈரச்சாக்கு போர்த்தி வைத்தால் விடியும்வரை தாங்கும். காலை ஒன்பது மணி வெயில் பட்டால் இலை துவண்டுவிடும். துவண்ட கட்டை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

ஆகவே லோடு ஆட்டோ பிடிக்கிறோம். நாலைந்து பேர் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டால் கொஞ்சம் தேவலை. முள்ளங்கியோ முட்டைக்கோஸோ மூட்டை மூட்டையாக ஏற்றுபவருக்கு அது பெரிதில்லை. பத்து கிலோ கத்தரியும் ஒரு கூடை கீரையும் கொண்டுபோகிற பெண்களுக்கு விற்ற காசில் பாதி வாடகைக்கே போகிறது. அதனால் ஒவ்வொருவராகச் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டு, ஊருக்கு வரும் வியாபாரியிடம் கேட்ட விலைக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கத்தரி லாரி ஏறி மாட்டுத்தாவணி மண்டிக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு வண்டியில், எங்கள் ஊர் முக்குக்கடைக்கே திரும்பி வருகிறது. எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கை கமிஷன்! நாலு வீடு தள்ளி விளைந்த காயை வாடிய பிறகு வாங்கிச் சமைக்கிறோம்.

இதில் போவது பணம் மட்டுமல்ல. கொஞ்சம் கொஞ்சமாகப் பல பயிர் போடுபவர்கள்தான் வீட்டு மாட்டின் சாணத்தை நம்பி விவசாயம் செய்பவர்கள். வரப்போரம் அவரை, பந்தலில் புடலை, ஓரத்தில் அகத்தி என்று வைத்திருப்பார்கள். சந்தைக்குப் போகும் வழி அடைபட்டால் அவர்களும் ஒரே பயிருக்கு மாறுகிறார்கள். ஒரே பயிர் வந்தால் பூச்சியும் வரும், பின்னாலேயே மருந்து டப்பாவும் வரும். நஞ்சில்லாத காய்கறி வேண்டும் என்று கேட்கும் நகரத்து மக்கள் அதை விளைவிப்பவருக்கு ஒரு பேருந்து வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

புதிய பேருந்துகளில் இதற்கு வழி இருக்கிறது. மின் பேருந்து இரவில் டெப்போவில் சார்ஜ் ஏறி நிற்கும். காலை நாலு மணிக்கு முழு பேட்டரியோடு அது கிளம்பத் தடையில்லை. சென்னையில் இப்போது ஓடுவதைப் போலத் தாழ்தளப் பேருந்தாக இருந்தால், படி ஏறாமல் கூடையை அப்படியே உள்ளே நகர்த்திவிடலாம். தலைச்சுமையோடு உயரமான படியில் ஏறிப் பழகிய என் வயதுப் பெண்களின் முழங்காலைக் கேட்டால் இதன் அருமை தெரியும். அந்த ஒரு நடைக்கு மட்டும் நாலு இருக்கைகளை மடக்கி வைக்கும்படி செய்தால் போதும். உழவர் சந்தை அட்டையைக் காட்டினால் கூடைக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று நடத்துநர்களுக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவு வேண்டும். உத்தரவு இல்லாத இடத்தில் நாங்கள் தினம் ஒருவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைக்கிறது. எங்கள் சந்தையில் கடை போடுவதில் பாதிக்கு மேல் பெண்கள்தான். சொகுசுப் பேருந்து என்று பெயர் வைத்து விடியற்காலை நடையில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டால் புதுப்பேருந்தால் எங்களுக்குப் பயன் இல்லை. வாங்க வருபவர்களுக்கும் இதே பேருந்து உதவும். ஒரு கட்டு கீரைக்காக ஸ்கூட்டரில் பெட்ரோல் எரித்து வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். சந்தை வாசலில் நிறுத்தம் இருந்தால் அவர்களில் பலர் பையோடு பேருந்திலேயே வந்துவிடுவார்கள்.

தடமும் நேரமும் முடிவு செய்வது போக்குவரத்துத் துறை. சந்தையை நடத்துவது வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை. இரண்டு துறையும் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார வேண்டும். எந்தக் கிராமத்திலிருந்து யார், எவ்வளவு காய் கொண்டுவந்தார்கள் என்று சந்தை அலுவலகத்தில் தினமும் பதிவேட்டில் எழுதுகிறார்கள். மதுரைக்கு மின் பேருந்துகளின் தடங்களைக் குறிக்கும் முன் அந்தப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள் என்று தங்கள் இதழ் வழியாக அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உழவர் சந்தை அட்டை வைத்திருக்கும் ஒரு விவசாயி,
மதுரை மாவட்டம்.