அட்லாண்டா போகிறவர்களுக்கு: அங்கே கீரையிலும் பன்றிக்கறி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தென்மாநிலங்களைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் பயணக் கட்டுரைகள் எதைப் பார்ப்பது என்று விரிவாகச் சொல்லிவிட்டு, எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது என்பதை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் அலுவலக வேலையாக வரும் இளைஞர்களும் திண்டாடுவது அங்கேதான். இனி அந்தப் பக்கங்களில் இவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். அட்லாண்டா நகரத்தை வைத்து எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

ஓட்டல் பெயரில் அட்லாண்டா என்று இருந்தால் அது ஊருக்குள் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஊரைச் சுற்றி 285ஆம் எண் நெடுஞ்சாலை சுமார் 100 கிலோமீட்டர் வட்டமாக ஓடுகிறது. அதற்கு வெளியே இருப்பவையும் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்கின்றன. வாடகை குறைவாகத் தெரியும், ஆனால் கார் இல்லாதவருக்கு அந்த மிச்சம் டாக்சிக்கே போய்விடும். கார் இல்லையென்றால் மார்ட்டா என்னும் நகர ரயிலின் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் அறை தேடுங்கள். விமான நிலையத்துக்குள்ளேயே மார்ட்டா நிலையம் இருக்கிறது. சிவப்பு, தங்கம் என்று இரண்டு தடங்களும் ஊரின் நடுவே வடக்கு நோக்கிப் போகின்றன, கட்டணம் 2.50 டாலர். பீச்ட்ரீ சென்டர், மிட்டவுன், ஆர்ட்ஸ் சென்டர் ஆகிய மூன்று நிலையங்களையும் ஒட்டிய அறைகள் வசதி. முகவரியை மட்டும் முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். பீச்ட்ரீ ஸ்ட்ரீட், வெஸ்ட் பீச்ட்ரீ ஸ்ட்ரீட், பீச்ட்ரீ ரோடு எல்லாம் வெவ்வேறு முகவரிகள். கடைசியில் வரும் வடகிழக்கு, வடமேற்கு என்ற திசைக் குறியை விட்டாலும் வண்டி வேறெங்கோ போய் நிற்கும்.

கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த வாடகையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று 2025 மே மாதம் முதல் அங்கே மத்திய அரசின் விதி இருக்கிறது. ஆனாலும் அரசு வரிகள் அந்தத் தொகைக்கு வெளியே நிற்கலாம். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலம் இரவுக்கு 5 டாலர் வாங்குகிறது. விற்பனை வரியும் ஓட்டல் வரியும் தனி. கார் நிறுத்தும் கட்டணமும் வாடகையில் சேராது, டவுன்டவுனில் அது ஓர் இரவுக்கு 40 டாலரைத் தாண்டுவது சாதாரணம். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையில் டிராகன் கான் என்னும் அறிவியல் புனைகதை ரசிகர் மாநாட்டின் கூட்டமும், டிசம்பர் தொடக்கத்தில் தென்கிழக்குக் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டக் கூட்டமும் அறைகளை நிரப்பிவிடும். தேதியை இரண்டு நாள் தள்ளிவைக்க முடிந்தால் வாடகை நன்றாகவே இறங்கும்.

மகனோ மகளோ முன்பதிவு செய்து பணமும் கட்டியிருப்பார்கள். ஆனாலும் வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டோடு தங்குபவர் பெயரிலேயே ஒரு கார்டு கேட்பார்கள். பெரியவர்கள் முழிப்பது இங்கேதான். பிள்ளைகளின் கார்டிலேயே எடுத்துக்கொள்ளச் சம்மதக் கடிதப் படிவம் ஒன்று ஓட்டலில் உண்டு, அதைச் சில நாள் முன்பே நிரப்பி அனுப்பிவிட வேண்டும். டெபிட் கார்டைக் கொடுத்தால் முன்பணமாக ஒரு தொகையை முடக்குவார்கள். அறையைக் காலி செய்தபின் அது விடுபடப் பல நாள் ஆகும் என்பதால் கையிருப்பு முழுவதும் அந்த ஒரே கணக்கில் இருக்க வேண்டாம். நம் ஊர் வங்கிக் கார்டு என்றால் கிளம்பும் முன்பே வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர்கள் அடுப்பும் பாத்திரமும் உள்ள நீண்டநாள் தங்கும் விடுதிகளைத் தேடலாம். நம் கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் தூக்கிப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம்முடைய 230 வோல்ட் சாமான் அதில் கால் பங்கு சக்தியில்தான் சூடாகும், அரிசி வேகாது. தாளிக்கும் முன் அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுங்கள், இல்லையேல் மிளகாய்ப் புகைக்கே எச்சரிக்கை மணி அலறும். எந்த அறையானாலும் பெட்டியைக் குளியலறையில் வைத்துவிட்டு, மெத்தையின் மூலைத் தையலை விலக்கிப் பாருங்கள். மிளகுப் பொடி சிந்தியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. உடனே வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறை வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். தென்மாநிலச் சமையலில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. வெண்டைக்காய், காராமணி, சர்க்கரைவள்ளி, பூசணி என்று பார்த்தவுடன் சொந்த ஊர் நினைவு வரும். வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்து வேரூன்றிய பயிர்கள். சைவர்கள் ஏமாறுவதும் இந்தக் காய்கறித் தட்டில்தான். காலர்ட் கீரையைப் பாருங்கள். தடித்த இலை, லேசான கசப்பு, நெடுநேரம் வேக வேண்டும். புகைபோட்ட பன்றிக் கணுக்காலைத் தண்ணீரில் முதலில் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில்தான் கீரையைப் போடுவது வழக்கம். பரிமாறும்போது எலும்பை எடுத்துவிடுவதால் தட்டில் கீரை மட்டுமே தெரியும். மேலே மினுங்கும் எண்ணெய்ப் பொட்டுகள் பன்றிக் கொழுப்பு. பாட் லிக்கர் என்று கிண்ணத்தில் வருவதும் அதே சாறுதான். சில கடைகளில் பன்றிக்குப் பதில் புகைபோட்ட வான்கோழி போடுவதால், பன்றிக்கறி உண்டா என்று கேட்டால் இல்லை என்றே உண்மையாகப் பதில் வரும். எதில் வேகவைத்தது, இறைச்சியோ எலும்போ கோழிச்சாறோ சேர்ந்ததா என்று கேளுங்கள். காராமணிக்கும் இதே கேள்வி. சோளரொட்டியில் பன்றிக் கொழுப்பும், கிரிட்ஸ் என்னும் சோள ரவைக் கஞ்சியில் கோழிச்சாறும் இருக்கக்கூடும். வெண்டைக்காய் வறுவல் பெரும்பாலும் கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரியும். 'வெஜிடபிள் பிளேட்' என்று நான்கு பதார்த்தம் தேர்ந்தெடுக்கும் தட்டு பல கடைகளில் உண்டு. அதில் பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனியும் காய்கறிக் கணக்கில் வரும்.

நள்ளிரவில் பசித்தால் வாஃபிள் ஹவுஸ் திறந்திருக்கும். 1955இல் அட்லாண்டாவை ஒட்டியே பிறந்த கடை. உருளைக்கிழங்குத் துருவல் வறுவலுக்குத் தனிப் பாஷையே உண்டு: 'ஸ்மதர்டு' என்றால் வெங்காயம், 'கவர்டு' என்றால் சீஸ், 'சங்க்டு' என்றால் பன்றிக்கறி. அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். ஒரே கல்லில்தான் எல்லாம் வேகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அசைவம் சாப்பிடுபவர்கள், மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் கூடிப் பேசிய, 1947இல் தொடங்கிய பாஸ்கல்ஸில் வறுத்த கோழியைத் தவறவிட வேண்டாம். இன்று இருக்கும் கட்டடம் வேறு. தோசை வேண்டுமானால் டிகேட்டர் பக்கம் போகலாம். வடக்கே ஆல்பரெட்டாவிலும் நம் கடைகள் உண்டு, ஆனால் அங்கே ரயில் போகாது.

உள்ளே நுழைந்ததும் சுகாதாரத் துறையின் மதிப்பெண் தாளைத் தேடுங்கள். ஜார்ஜியாவில் அதைக் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். 90 முதல் 'ஏ', 80களில் 'பி', 70களில் 'சி'. எண்ணைவிட, எதற்காக மதிப்பெண் குறைந்தது என்ற வரிதான் முக்கியம். தரை ஓடு உடைந்ததற்கு மதிப்பெண் போனால் போகட்டும். சூடான உணவு 57 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தது என்று எழுதியிருந்தால் வேறு கடை பாருங்கள். பல பழைய கடைகள் மதியத்தோடு மூடிவிடும். ஞாயிறு பகலில் தேவாலயம் முடிந்து வரும் கூட்டம் வாசல்வரை நிற்கும், 11 மணிக்கு முன்பே போய்விடுங்கள்.

பில்லில் வரி சுமார் 9 சதவீதம், பரிமாறுபவருக்கு 18 முதல் 20 சதவீதம். 20 டாலர் சாப்பாடு கிட்டத்தட்ட 26 ஆகிவிடும். ஆறு பேருக்கு மேல் போனால் 'கிராஜுவிட்டி' என்று டிப்ஸை அவர்களே சேர்த்திருக்கக்கூடும். அந்த வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை டிப்ஸ் கொடுத்ததாகிவிடும்.

இப்படிக்கு,
அட்லாண்டா வாசகர்கள் சிலர்