வேப்பேரியில் பார்த்த அந்த அக்காவுக்கு நன்றி

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வயதான பொமரேனியன் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்த அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

எங்கள் நாய் மணிக்கு, சிறுநீரகத்தை ஒட்டி இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கோளாறாக இருக்கலாம், குஷிங் நோயா என்று பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நீங்கள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இருக்கலாம்னுதானே சொன்னாங்க, இன்னும் உறுதியாகலையே தம்பி" என்றீர்கள். அப்புறம் எவ்வளவு பொறுமையாக விளக்கினீர்கள்! கார்ட்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பதுதான் இந்த நோய், பெரும்பாலான நாய்களுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சின்னக் கட்டிதான் காரணம், அட்ரீனலிலேயே கட்டி வருவது குறைவு என்று. குடிக்கிற தண்ணீரை அளந்து எழுதி வையுங்கள், ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டுங்கள் என்றீர்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க டெக்சாமெத்தசோன் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் 4 மணி நேரம் கழித்தும் 8 மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுப்பார்கள், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னீர்கள்.

இதற்கெல்லாம் மேலாக, கார்ட்டிசாலைக் குறைக்கும் ட்ரைலோஸ்டேன் மாத்திரை ஆரம்பித்தபிறகு உங்கள் செல்லத்துக்கு, இந்த நோயால் கொட்டிய முடி திரும்ப வளர்ந்த படங்களைக் காட்டினீர்களே, அன்று இரவு நான் தூங்கியதே அதனால்தான்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வந்திருக்கிறது. இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அக்கா, ரிசல்ட் வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்லவேண்டும்.