செல்விக்கு, அரும்புக் குழு பற்றி

அன்புள்ள செல்வி,

மேலூரிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. உனக்கு மூன்றாம் வகுப்பு கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். திருமங்கலத்தில் வெயில் இன்னும் தணியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் வாடிப்போகிறார்கள்.

பிள்ளைகளை அரும்புக் குழு என்று பிரித்து உட்கார வைப்பது பற்றி நீ கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். அரும்புதான் கீழ்நிலை. பெயர்கள் அழகுதான். ஆனால் "அரும்பெல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று தினமும் கூப்பிட்டால், மக்கு என்பதற்கு அது இன்னொரு பெயராகிவிடுகிறது. வரிசையில் நிற்பது, கை தூக்குவது ஆகியவற்றோடு வகுப்பில் தன் இடம் எது என்பதையும் பிள்ளை பள்ளியில்தான் படிக்கிறது.

அமெரிக்காவில் ரே ரிஸ்ட் என்பவர் ஒரு மழலையர் வகுப்பைக் கவனித்து 1970-இல் எழுதினார். பள்ளி திறந்த எட்டாம் நாளே ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டார். தேர்வு எதுவும் வைக்கவில்லை. உடையும் பேச்சும் குடும்ப நிலையும்தான் அளவுகோல். இரண்டாம் வகுப்பு வரை அந்தப் பிரிவு பெரும்பாலும் மாறவில்லை.

ஆசிரியரின் எதிர்பார்ப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சிலர் சொல்வதை நம்பாதே. இந்த எதிர்பார்ப்பு பற்றி அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட ஆய்விலேயே முதல் இரண்டு வகுப்புகளில்தான் விளைவு தெளிவாகத் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பாதிப்பு பொதுவாகச் சிறியது. ஏற்கெனவே இழிவாகப் பார்க்கப்படும் பிள்ளைகளிடம்தான் அது கூடுகிறது. எனக்கு இதுதான் கவலை. பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தையே குற்றப்பரம்பரை என்று எழுதிய ஆங்கிலேயர் சட்டத்தை எதிர்த்து 1920-இல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் உயிர்கள் போயின. முத்திரை என்ன செய்யும் என்று நம் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முத்திரை வேலை செய்வது சின்னச் சின்ன இடங்களில். கேள்வி கேட்டதும் பையன் எழுந்து நிற்கிறான், பெஞ்சு விளிம்பை நகத்தால் சுரண்டுகிறான், வாய் லேசாகத் திறக்கிறது. அதற்குள் நாம் முதல் பெஞ்சுக்குத் திரும்பிவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து பார்த்தபோது, நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் நினைத்தவர்களுக்குப் பதில் சொல்ல ஏறக்குறைய 2 விநாடி கிடைத்தது. கடைசியில் இருப்பவர்கள் என்று நினைத்தவர்களுக்கு 1 விநாடிகூட இல்லை. 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணு. முதல் வாரம் அந்த அமைதி உனக்கே சங்கடமாக இருக்கும், விட்டுவிடாதே.

அப்புறம், வருகைப் பட்டியலை நகலெடுத்துச் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடு. ஒரு பாடவேளை, 40 நிமிடம், நீ பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு கோடு போடட்டும். 30 பேரில் ஏழெட்டுப் பேரிடமே கோடுகள் குவிந்திருந்தால் ஆச்சரியப்படாதே.

குழுவைப் பாடத்துக்குப் பாடம் தனியாகப் பிரி. தமிழில் அரும்பாக இருப்பவள் கணக்கில் மலராக இருக்கலாம். ஒரே பட்டியலை எல்லாப் பாடத்துக்கும் வைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. மூன்று வாரத்துக்கொரு முறை ஐந்து நிமிடம் வாசிக்க வைத்துப் பார்த்து மாற்று. குழு வேலை முடிந்ததும் கலந்து உட்காரட்டும்.

கரும்பலகை மூலையில் 'பேசியவர்கள்' பட்டியலை முதல் நாளே நிறுத்திவிடு. நேற்று எழுதிய பெயரையே லீடர் இன்றும் எழுதுவான். ஆசிரியர் அறையில் "அந்தப் பையனா, பார்த்துக்கோங்க" என்று யாராவது ஆரம்பித்தால், போன வருட நோட்டைக் கேள். நோட்டில் எந்த எழுத்தில் தடுமாறுகிறான் என்பது இருக்கும். அந்தப் பேச்சில் இருக்காது.

40 நிமிடக் கணக்கை எனக்கு எழுது. பெயர்கள் வேண்டாம், கோடுகள் போதும்.

அன்புடன்,
மீனா