பவானி ஜமக்காளத்தின் பெயரில் விற்பனையாகும் விசைத்தறி விரிப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஜமக்காளம் வாங்கப் பக்கத்து ஊர்க் கடை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ‘அசல் பவானி’ என்று சீட்டு ஒட்டியிருந்த விரிப்பைக் கையில் வாங்கியதுமே கனம் போதாது என்று தெரிந்தது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். கைத்தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரம் வரை சென்று மடங்கித் திரும்புவதால் கரை தானாகவே இறுகிக்கொள்ளும். இதிலோ நூலை வெட்டிவிட்டு, பிரியாமலிருக்க மேலே தையல் போட்டிருந்தார்கள். விசைத்தறிச் சரக்குதான் என்பதைக் கடைக்காரரும் மறுக்கவில்லை; விலை குறைவாக இருப்பதால் எல்லோரும் இதையே கேட்கிறார்கள் என்றார்.

என் அப்பாவும் பெரியப்பாவும் பவானியில் ஒரே தறியில் அருகருகே உட்கார்ந்து நெய்தவர்கள். விரிப்பின் அகலத்துக்கு ஏற்ப நீட்டிக் கட்டிய குழித்தறி அது. ஒருவர் கைக்கு எட்டாத அகலம் என்பதால், இருவரும் குழிக்குள் கால் இறக்கி அமர்ந்து, ஒரே நேரத்தில் மிதித்து, ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை இவர் தள்ள, அவர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். பலகையை இருவரும் ஒரே வேகத்தில் இழுத்து அடித்தால்தான் ஊடை நெருங்கி, நீளவாக்கில் ஓடும் பாவு நூலை மூடும். ஒரு பக்கத்து அடி தளர்ந்தாலும் வண்ணப் பட்டை கோணிவிடும். பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நாள்களில் அப்பாவுக்கும் கூலி கிடையாது.

இங்கிலாந்து மில் துணிகளின் போட்டியைச் சமாளிக்க, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவானியின் ஜங்கமர் சமூக நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் நெய்யத் தொடங்கிய விரிப்பு இது. அந்த நூலில் நுணுக்கமான உருவங்கள் எடுக்க வராது, பட்டைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செயற்கைப் பட்டு நூல் வந்த பிறகே கரைகளில் விதவிதமான வேலைப்பாடுகள் ஏறின. இயந்திரத்தோடு போட்டியிட்டுப் பிறந்த தொழிலை, அதன் பெயரையே எடுத்துக்கொண்டு இயந்திரம் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கைத்தறிக்கு மட்டுமே உரியவை என 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட 11 வகைத் துணிகளில் ஜமக்காளமும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இவ்வளவு இருந்தும், விசைத்தறி விரிப்பின்மீது ‘பவானி’ என்ற சீட்டை ஒட்டி விற்பவரைக் கேட்பார் இல்லை. தறிக்கூடங்களில் சோதனை நடத்துவதோடு நிற்காமல், சரக்கு விற்கும் கடைகளிலும் அதிகாரிகள் சீட்டையும் கரையையும் பார்க்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்கும் விழாக்களுக்கும் விரிப்பு வாங்கும்போது கைத்தறி முத்திரை உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும் என்று ஓர் உத்தரவு இட்டாலும் பல தறிகள் மீண்டும் ஓடும். குறைந்த விலையில் விசைத்தறி விரிப்பைத் தெரிந்தே வாங்குபவர்மீது எனக்கு வருத்தமில்லை. பவானி என்று நம்பிப் பணம் கொடுத்து ஏமாறுபவருக்காகவும், இருவர் உழைப்பின் பெயரை இழந்து நிற்கும் நெசவாளருக்காகவும் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஜமக்காள நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.