மழை விழுந்த நாளிலிருந்து எண்ணு

அன்பு மகளுக்கு,

உனக்குக் களை மேலாண்மைப் பாடம் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்த கடிதத்தை அப்பத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் நம் பக்கத்துப் பெண் ஆசிரியராக நிற்பது எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: உன் பாடத்தில், மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைக்கும் நம் புழுதி விதைப்புக்கும் இடம் கொடு.

உன் கண்ணெதிரே இருப்பவை காவிரிப் பாசன நடவு வயல்கள். அங்கே நாற்றங்காலில் வளர்ந்த பயிர் களையை முந்திக்கொள்கிறது. தேங்கிய நீரும் பல களைகளை முளைக்கவிடாது. நாமோ காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். மழை விழுந்ததும் நெல்லும் கோரையும் குதிரைவாலிப் புல்லும் சேர்ந்தே முளைக்கின்றன. கண்மாய் பெருகி வயலில் நீர் நிற்பதற்குள் களை பயிரை அமுக்கிவிடுகிறது. முளைக்குமுன் தெளிக்கும் களைக்கொல்லி ஈரமில்லாத புழுதியில் வேலை செய்யாது என்பதால், விதைத்த மூன்றாம் நாள் தெளிக்க வேண்டும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இங்கே உதவாது. மண்ணை நனைத்த மழையிலிருந்தே நாட்களை எண்ண வேண்டும். களையை ஒரு வகுப்பிலும் வானிலையை வேறொரு வகுப்பிலும் தனித்தனியே கற்பித்தால் இந்தக் கணக்கு அவர்களுக்கு எப்படிப் பிடிபடும்?

உங்கள் பல்கலைக்கழகத்தார் நெல்வயலில் மீனும் கோழியும் வளர்த்துக் களையைக் குறைத்தது அருமையான வேலைதான். ஆனால் அது நீர் நிற்கும் நிலத்துக்கு உரியது. நமக்கு உள்ள வழி, கோடை உழவில் கோரைக்கிழங்கை வெயிலில் காயவிடுவதும், முதல் மழையில் முளைக்கும் களையை உழுது அழித்தபின் விதைப்பதும். இரண்டாவது வழியில் அடுத்த மழை தள்ளிப்போனால் பருவமே பிந்திவிடும். அப்படி எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை, செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கையையும் நம் மண்ணின் ஈரத்தையும் சேர்த்துவைத்துச் சொல்லும் ஆராய்ச்சியை நீ எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

ஐப்பசியில் மாணவர்களை அழைத்து வா. செட்டிநாட்டில் உள்ள மானாவாரி ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்துவிட்டு நம் வயலுக்கும் வரட்டும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய நாக்கு உண்டு, குதிரைவாலிப் புல்லுக்கு இல்லை என்பதைப் படத்தில் பார்த்திருப்பார்கள். களையெடுக்கும் பெண்கள் இரண்டையும் இளம்பயிரிலேயே பிரித்தறிவதை அருகில் நின்று கற்கட்டும். அவர்களிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா