எலி கொண்டு வரும் பூனைகள்: இங்கிலாந்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் பூனை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறந்துவிட்டால் நமக்குள் ஒரே புலம்பல்தான். "கார்பெட்டில் எலியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது." "சோஃபாவுக்கு அடியில் என்னமோ ஓடுகிறது." "வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சாமி அலமாரிக்கு முன்னால் தலையில்லாமல் ஒன்று கிடக்கிறது." புலம்புவது நியாயம்தான். ஆனால் புலம்பிய கையோடு சிலர் கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வந்து வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அது எந்த எலி என்று பாருங்கள். ஊரில் வீட்டு எலியை ஒழிக்கப் பூனை வளர்த்தோம். இங்கே பல வீடுகளில் கதை தலைகீழ். வீட்டில் இல்லாத எலியைத் தோட்டத்திலிருந்து பூனைதான் உள்ளே கொண்டு வருகிறது. முதுகு மணல் கலந்த பழுப்பு, வயிறு வெள்ளை, பெரிய காது, துருத்திய கறுப்புக் கண், நீள வால் என்று இருந்தால் அது வேலியோரத்தில் வாழும் காட்டுச் சுண்டெலி. வீட்டுச் சுண்டெலி உடம்பெல்லாம் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும், கண் சின்னது, ஒரு மக்கிய வாடையும் அடிக்கும். காட்டுச் சுண்டெலிகள் கோடை முழுக்கக் குட்டி போட்டு, இலையுதிர் காலத்தில்தான் எண்ணிக்கையில் உச்சத்துக்கு வருகின்றன. சில குளிருக்குப் பயந்து தாமாகவே ஷெட்டுக்கும் பரணுக்கும் வருவதுண்டு. ஆனால் அடுப்புக்குப் பின்னால் புழுக்கை இல்லை, அரிசிப் பை கடிபடவில்லை, பூனை கொண்டு வந்தது மட்டும்தான் என்றால் உங்கள் வீட்டில் எலித் தொல்லையே இல்லை. பிறகு யாருக்கு மருந்து?

நீள மூக்கோடு செத்துக் கிடந்தால் அது மூஞ்சூறு. அதன் உடம்புச் சுரப்பியின் நாற்றம் பூனைக்குப் பிடிக்காது. அதனால் கொன்றுவிட்டுத் தின்னாமல் போட்டுவிடும். பிள்ளையாரின் வாகனம் இப்படி வாசலில் கிடப்பது மனசுக்குக் கஷ்டம்தான், என்ன செய்வது.

இனி மருந்து விஷயம். இங்கே விற்கும் எலி மருந்துகளில் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலிதான் பூனைக்குச் சுலபமான வேட்டை. ஒரே ஓர் எலியைத் தின்றதும் பூனை செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மருந்துகளில் சில ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். பூனைக்கு ஈறு வெளுப்பது, சோர்ந்து படுப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் சில நாள் கழித்தே தெரியும். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம், அதையும் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். பூனையோடு இது முடிவதும் இல்லை. பிரிட்டனில் இறந்து கிடைத்து, சோதனைக்குப் போன கூகைகளில் பெரும்பாலானவற்றின் ஈரலில் இந்த மருந்துகளின் தடயம் இருந்திருக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இதுதான்.

பசை அட்டையும் வேண்டாம். 2024 ஜூலை 31 முதல் இங்கிலாந்தில் உரிமம் இல்லாதவர்கள் எலிக்குப் பசை அட்டை வைப்பது குற்றம். அந்தச் சட்டம் விற்பனையைத் தடுக்கவில்லை. ஆகவே கடையில் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

சரி, வேறு என்னதான் செய்வது? எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் தென்மேற்கு இங்கிலாந்தில் 355 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. தானியம் சேர்க்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டு வரும் இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் இறகு கட்டிய குச்சியை ஆட்டி விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதால் குறிப்பிடும்படி எந்தப் பலனும் இல்லை. மணியை நம்பியிருப்பவர்கள் கவனிக்க.

இங்கே நம்மவர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாம் சைவம் என்பதற்காகப் பூனையையும் தயிர்சாதத்தில் வளர்க்கும் வீடுகள் இருக்கின்றன. இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து போதாமல் போனால் பூனைக்குக் கண் பார்வையும் இதயமும் கெடும். செல்லப்பிராணிக்கு ஏற்ற உணவு கொடுப்பது 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி நம் கடமையும்கூட. இறைச்சி டப்பாவைத் திறக்க மனம் ஒப்பாதவர்கள் முயல் வளர்க்கலாம். கோபிக்காதீர்கள். அதற்காக, வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்றும் எண்ண வேண்டாம். பசி வேறு, வேட்டை வேறு.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்குகிறது. நாம் வேலை முடிந்து வருவதற்குள் எலிகள் கிளம்பிவிடுகின்றன. பிற்பகலிலேயே பூனையை உள்ளே அழைத்து, சாப்பாடு வைத்து, விடியும் வரை பூனைக் கதவைப் பூட்டிவிடுங்கள். பூனையின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் கதவுகள் சிலவற்றில், குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் வெளியே மட்டும் விடாமல் வைக்க முடியும். 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் பூனைக்குச் சிப் கட்டாயம் என்பதால் அது எப்படியும் இருக்கும்.

உயிரோடு கொண்டு வந்து விட்டுவிட்டதா? பூனையை வேறு அறையில் அடைத்துவிட்டு, சுவரோரமாக ஒரு ரப்பர் பூட்ஸைப் படுக்க வையுங்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும், இருட்டான பொந்தைக் கண்டால் நுழையும். அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் புதரடியில் விட்டுவிடலாம். செத்ததைக் கையுறை போட்டு எடுங்கள். எலி தின்னும் பூனைக்கு நாடாப்புழு வரும், எனவே எத்தனை நாளுக்கு ஒருமுறை பூச்சி மருந்து என்று வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை மலம் கழிக்கும் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். அதில் இருக்கக்கூடிய, வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்.

உண்மையிலேயே வீட்டு எலி இருந்தால் ஓட்டையை அடைப்பதுதான் வைத்தியம். எலி உள்ளே வரப் பென்சில் நுழையும் இடைவெளி போதும். குழாய் போகும் துளைகளில் இரும்பு நாரைத் திணித்துப் பூசுங்கள். சுவரின் காற்றோட்டக் கல்லை மட்டும் அடைக்காமல் கம்பிவலை போடுங்கள்.

நீங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் உரிமையாளர் எலி ஒழிக்க ஆள் அனுப்பினால், பூனை இருக்கிறது என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். என்ன மருந்து, எங்கே வைக்கிறீர்கள், எப்போது திரும்ப எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள், பூனைக்கு வேலி ஒரு பொருட்டில்லை. மருந்தின் பெயரை ஒரு தாளில் குறித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். ஏதாவது ஆகிப்போனால் வெட் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.

அன்புடன்,
லண்டன் புறநகரிலிருந்து ஒரு பூனைக்காரி